கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி: முதல் ஐவரை உயரம் பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நமது டர்பன் நகரக் கல்லூரி ஒன்றின் பெண்கள் கூடைப்பந்து அணி வரும் பருவத்தில் எப்படி ஆடும் என்பதைப் பற்றித் தங்கள் இதழின் விளையாட்டுப் பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை ஊன்றிப் படித்தேன். கால்பந்தும் கிரிக்கெட்டும் ரக்பியும் நிறைந்திருக்கும் நாட்டில், ஒரு கல்லூரியின் பெண்கள் அணிக்கு அரைப் பக்கம் ஒதுக்கிய தங்களுக்கு முதலில் என் நன்றி. ஆனால் அந்தக் கட்டுரை முன்வைத்த இரண்டு முடிவுகளையும் என்னால் ஏற்க இயலவில்லை. சென்ற ஆண்டு அதிகப் புள்ளிகள் எடுத்த இருவர், வளையத்தின் அருகே ஆடும் உயரமான சென்டரும், வெளிப்புறம் நின்று தூரத்திலிருந்து எறியும் கார்டும், படிப்பை முடித்துச் சென்றுவிட்டதால் அணி பட்டியலின் அடிப்பகுதிக்குப் போய்விடும் என்பது முதல் முடிவு. கூடைப்பந்தை ஒத்த நெட்பால் ஆட்டத்திலிருந்து புதிதாக வந்திருக்கும் மூன்று உயரமான மாணவிகளையும் ஒன்றாக முதல் ஐவரில் இறக்கினால் அந்த இழப்பை ஈடுகட்டிவிடலாம் என்பது இரண்டாவது. முதல் முடிவு அளவுக்கு மீறிய அவநம்பிக்கை. இரண்டாவது முடிவின்படி நடந்தால் அந்த அவநம்பிக்கையே உண்மையாகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

சாட்ஸ்வர்த் வட்டாரப் பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியையாகப் பணியாற்றி, நெட்பால், கூடைப்பந்து ஆகிய இரண்டு ஆட்டங்களுக்கும் நெடுங்காலம் பயிற்சி அளித்தவள் நான். இந்த அணியின் பயிற்சி ஆட்டங்களையும் அரங்கின் ஓரத்தில் அமர்ந்து பார்த்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போனவர்கள் எடுத்த புள்ளிகளைக் கூட்டி, அவ்வளவும் இனி இல்லை என்று கணக்கிடுவது எளிது. ஆனால் கூடைப்பந்தில் ஒருவர் அணியை விட்டுப் போகும்போது, அவர் எறிந்து வந்த பந்துகள் அவரோடு போய்விடுவதில்லை. ஓர் ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் பந்து கைக்கு வருகிறது. 24 விநாடிக்குள் யாராவது ஒருவர் எறிந்தே ஆக வேண்டும். சென்ற ஆண்டு சென்டர் எறிந்ததை இந்த ஆண்டு வேறு நால்வர் பகிர்ந்து எறிவார்கள். ஆகவே எத்தனை புள்ளிகள் போயின என்று கேட்பதைவிட, அந்த எறிதல்கள் இனி யாருடைய கைக்குப் போகும், அவர் நல்ல இடத்திலிருந்து எறிவாரா, நெருக்கடியில் எறிவாரா என்று கேட்பதே பொருத்தமானது. சென்ற ஆண்டு அந்தச் சென்டருக்குப் பந்து போனவுடன் மற்ற நால்வரும் நின்றுவிடுவார்கள் என்பதை ஆட்டங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். எதிரணிகள் இருவரை அனுப்பி அவரை மறித்தபோது, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே தனியாக நின்ற தோழியை அவர் கண்டுகொண்டது அரிது. அவருடைய புள்ளிகள் பெரியவைதான். அவற்றுக்காக அணி கொடுத்த விலையும் சிறியதில்லை.

இதற்கு அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். டான் ஸ்டேலி பயிற்சி அளிக்கும் தென் கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் அணி 2022-23 பருவத்தில் 36 ஆட்டங்களில் வென்று, ஒரே ஒரு ஆட்டத்தில், அதுவும் தேசியப் போட்டியின் அரையிறுதியில் அயோவா அணியிடம் 77-73 என்று தோற்றது. அந்தப் பருவம் முடிந்ததும் அலியா பாஸ்டன் உட்பட முதல் ஐவரும் ஒருசேர அணியைவிட்டுப் போனார்கள். அடுத்த பருவம் தொடங்குமுன் வெளியான அசோசியேட்டட் பிரஸ் தரவரிசை அந்த அணியை ஆறாம் இடத்தில் வைத்தது. புள்ளிகளை மட்டும் எண்ணியிருந்தால் ஆறாம் இடமே தாராளம் என்றுதான் தோன்றும். ஆனால் 2023 நவம்பரில் பாரிஸ் நகரில் நடந்த முதல் ஆட்டத்திலேயே அவர்கள் நோட்டர் டேம் அணியை 100-71 என்று வென்றார்கள்; அந்தப் பருவம் முழுவதும் ஒரு தோல்விகூட இன்றி 38 ஆட்டங்களையும் வென்று, 2024 ஏப்ரல் 7 அன்று கிளீவ்லேண்டில் நடந்த இறுதி ஆட்டத்தில் அதே அயோவாவை 87-75 என்று தோற்கடித்தார்கள்.

இது எப்படி நடந்தது? போனவர்கள் முதல் ஐவர். ஆனால் முந்தைய ஆண்டில் மாற்று ஆட்டக்காரர்களாக இருந்தவர்கள் வெறுமனே பெஞ்சில் உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டு மீட்டர் உயரமுள்ள பிரேசில் நாட்டு கமிலா கார்டோசோ, முதல் ஐவரில் இல்லாமலேயே ஆட்டத்தின் முக்கியமான நிமிடங்களில் ஆடிப் பழகியவர். ரேவன் ஜான்சனும் அப்படியே. அவர்களுக்குப் பக்கத்தில் ஓரிகன் பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்த அனுபவமுள்ள கார்டு டெ-ஹீனா பாவ்பாவ் நின்றார். அந்த இறுதி ஆட்டத்தில் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் தனியாக 30 புள்ளிகள் எடுத்தார். ஆனால் மாற்று ஆட்டக்காரர்கள் எடுத்த புள்ளிகளை மட்டும் ஒப்பிட்டால் தென் கரோலினாவுக்கு 37, அயோவாவுக்கு ஒன்றுமில்லை. பந்தைப் பலகையிலிருந்து மீட்டதிலும் 51க்கு 29 என்ற இடைவெளி.

அந்த அணிக்கு நாடெங்கும் தேடி ஆள் சேர்க்கும் வசதி இருக்கிறது என்பதையும், நமது கல்லூரிக்கு மெட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வந்து பிப்ரவரியில் யார் பதிவு செய்கிறார்களோ அவர்களே அணி என்பதையும் நான் மறக்கவில்லை. திறமையில் இரண்டையும் ஒப்பிடுவது என் நோக்கமும் இல்லை. பருவத்துக்கு முன் ஓர் அணியை எடைபோடுகிறவர், சென்ற ஆண்டு பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஆடியவர்கள் எந்த நிமிடங்களில் ஆடினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஒரு ஆட்டத்துக்கு 40 நிமிடங்கள், களத்தில் ஐந்து பேர், ஆக 200 நிமிடங்களைப் பகிர்ந்தளிக்க வேண்டும். வெற்றி தோல்வி முடிவான பிறகு கிடைக்கும் கடைசி மூன்று நிமிடங்களும், இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஆட்டம் தொங்கிக்கொண்டிருக்கும்போது கிடைக்கும் மூன்று நிமிடங்களும் ஒன்றாகா.

அந்த அளவுகோலில் பார்த்தால், தங்கள் கட்டுரை பெயரைக்கூடக் குறிப்பிடாமல் விட்டுவிட்ட இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர்தான் இந்த அணியின் மிகப் பெரிய செல்வம். உயரம் குறைந்தவர்; எடுத்த புள்ளிகளும் குறைவு. ஆனால் சென்ற பருவத்தின் பிற்பகுதியில் அணியின் மூத்த பாயின்ட் கார்டு கணுக்கால் பிசகி வெளியே உட்கார நேர்ந்தபோது, பந்தைத் தன் பாதியிலிருந்து மறுபாதிக்குக் கொண்டு வந்தவர் இவர்தான். சென்ற வாரப் பயிற்சி ஆட்டத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பக்கக்கோட்டின் ஓரத்தில் இரண்டு பேர் அவரை நெருக்கி மறித்தார்கள். பொதுவாக அந்த இடத்தில் இளம் ஆட்டக்காரர்கள் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள், அல்லது கண்ணை மூடிக்கொண்டு நடுவில் வீசுவார்கள். இவர் இடது கைக்குப் பந்தை மாற்றி, பந்தைத் தட்டியபடியே இரண்டடி பின்வாங்கினார். மறித்தவர்கள் அவரைத் தொடர்ந்து வந்ததால் அவர்களுக்குப் பின்னால் இடம் திறந்தது. அங்கே ஓடி வந்த தோழியிடம் ஒரே தட்டில் பந்தைச் சேர்த்தார். அவ்வளவு நேரமும் அவர் பந்தை ஒரு முறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. இதற்குப் புள்ளிப்பட்டியலில் ஒரு கட்டமும் கிடையாது. கடைசியில் வளையத்தில் பந்தைப் போட்டவரின் பெயரில் இரண்டு புள்ளிகள் ஏறின.

இனி நெட்பாலிலிருந்து வந்திருக்கும் மூவரைப் பற்றி. இங்குதான் தங்கள் கட்டுரையாளர் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு, அவர்கள் எந்த ஆட்டத்திலிருந்து வருகிறார்கள் என்பதைப் பார்க்கத் தவறிவிட்டார். இந்த நாட்டில் பள்ளியில் படிக்கும் பெண் பிள்ளைகளில் உயரமானவர்கள் கையில் முதலில் கிடைப்பது நெட்பால்தான். 2023இல் உலகக் கோப்பையே கேப்டவுனில் நடந்தது. இரண்டு ஆட்டங்களும் ஒரே வேரிலிருந்து வந்தவை. வளையம் இரண்டிலும் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அதனால் நெட்பாலில் சிறந்தவர் கூடைப்பந்திலும் உடனே சிறப்பார் என்று எண்ணிவிடுகிறோம். அவர்கள் கொண்டுவருவது என்ன, இனிமேல்தான் கற்க வேண்டியது என்ன என்று பிரித்துப் பார்த்தால்தான் முதல் ஐவரில் யாருக்கு எந்த இடம் என்பது விளங்கும்.

கொண்டுவருவது நிறையவே இருக்கிறது. நெட்பாலில் பந்தைப் பிடித்தவர் மூன்று விநாடிக்குள் அதைக் கைமாற்ற வேண்டும். தரையில் ஊன்றிய காலை மீண்டும் ஊன்றி நடக்கக் கூடாது. ஆகவே இவர்களுடைய காலடி கூடைப்பந்தில் வளர்ந்தவர்களைவிடக் கட்டுப்பாடானது. பந்தோடு நடந்துவிட்டார் என்று நடுவர் விசில் ஊதும் தருணங்கள் இவர்களிடம் அரிதாகவே இருக்கும். பள்ளியில் கோல் கீப்பராக ஆடிய மாணவி ஒருவர் இந்த மூவரில் இருக்கிறார். பலகையில் பட்டு வரும் பந்தை இரு கைகளாலும் பிடித்து இறங்கியவுடன், யாரும் சொல்லாமலேயே, அவருடைய கண் பக்கக்கோட்டில் நிற்கும் கார்டைத் தேடுகிறது. கால் தரையில் பட்ட மறுகணம் பந்து போய்விடுகிறது. பழைய மூன்று விநாடி விதி அவருடைய உடம்பில் ஊறிவிட்டது. சென்ற ஆண்டுச் சென்டர் பந்தை மீட்டதும் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நிதானமாகச் சுற்றிப் பார்ப்பார். அதற்குள் எதிரணி திரும்பி நின்றுவிடும். புதியவர் கொடுக்கும் அந்த முதல் பாஸ் காரணமாகவே இந்த அணி இந்த ஆண்டு வேகத் தாக்குதலில் சென்ற ஆண்டைவிட முந்தும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

கற்க வேண்டியதும் அதே அளவு இருக்கிறது. நெட்பாலில் பந்து வைத்திருப்பவரை மறிக்கும்போது 0.9 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்தத் தள்ளி நிற்கும் பழக்கம் வளையத்தின் கீழே பெரிய இடர். எதிரணியினர் எறிந்ததும் அந்தக் கோல் கீப்பர் மாணவி கைகளை உயர்த்திக்கொண்டு பந்தையே பார்த்து நிற்கிறார். எறிந்தவர் அந்த இடைவெளியில் புகுந்து தன் பந்தைத் தானே மீட்டு மறுபடியும் போட்டுவிடுகிறார். எதிராளியைத் தேடிப்போய் முதுகால் அடைத்து நிற்பது, பிறகு பந்தைத் தேடுவது என்ற வரிசை அவருக்கு இன்னும் வரவில்லை. உடம்போடு உடம்பு உரசக் கூடாது என்று பத்து வயதிலிருந்து சொல்லி வளர்த்த பிள்ளைக்கு அது ஒரு வாரத்தில் வந்துவிடாது.

அதோடு, நெட்பாலில் வளையத்தில் எறிய உரிமை உள்ளவர்கள் கோல் ஷூட்டர், கோல் அட்டாக் ஆகிய இருவர் மட்டுமே. கோல் கீப்பராக ஆடியவர் ஒரு போட்டியில்கூட வளையத்தைக் குறிவைத்ததில்லை. அவருடைய ஆட்டப் பகுதி மைதானத்தின் மூன்றில் ஒரு பங்குதான். இப்போது 28 மீட்டர் நீளத்தையும் மாறி மாறி ஓட வேண்டும். பந்தும் சற்றுப் பெரியது, கனமானது. மூவரில் மற்றொருவர் கோல் ஷூட்டராக ஆடியவர். அவருடைய எறிதல் அழகானது. தலைக்கு மேலிருந்து உயர வளைந்து, பலகையைத் தொடாமல் வளையத்துக்குள் விழுகிறது. நெட்பாலில் பலகையே கிடையாது, வளையமும் இதைவிடச் சிறியது என்பதால் அந்தத் துல்லியம் வந்திருக்கிறது. ஆனால் அங்கே அவரை மறிப்பவர் தள்ளி நிற்பார். அவரும் நின்று, பார்த்து, எறிவார். இங்கே தோளோடு தோள் உரச, பாதி திரும்பிய நிலையில், பலகையின் சதுரத்தில் தட்டிப் போட வேண்டியிருக்கும். வளையத்தின் அருகே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்ற நெட்பால் பழக்கத்தால், மூன்று விநாடிக்கு மேல் அந்தப் பகுதியில் நின்று பந்தை இழக்கிறார். பயிற்சி ஆட்டத்திலேயே இது திரும்பத் திரும்ப நடந்தது.

இந்த நிலையில் மூவரையும் ஒன்றாக இறக்கினால் என்ன ஆகும்? பந்தைத் தட்டிக்கொண்டு ஓடத் தெரிந்தவர்கள் களத்தில் இருவர் மட்டுமே இருப்பார்கள். எதிரணிப் பயிற்சியாளர் ஓரளவு அனுபவமுள்ளவராக இருந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே முழு மைதான பிரஸ் போடச் சொல்வார், அதாவது மைதானம் முழுவதும் நெருக்கி மறிக்கச் சொல்வார். எட்டு விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். இரண்டு கார்டுகளையும் இறுக்கி மறித்துவிட்டால் பந்து உயரமான மூவரில் ஒருவரிடம்தான் வரும். அவர் நெட்பால் வழக்கப்படி பிடித்து நின்று யாருக்காவது கொடுக்கப் பார்ப்பார். கொடுக்க ஆள் இருக்க மாட்டார். அந்தப் பிரஸ்ஸைத் தாண்டி வந்தாலும், வெளியிலிருந்து எறியக்கூடியவர்கள் குறைவு என்பதால் எதிரணி ஆளைத் தொடராமல் இடத்தைக் காக்கும் சோன் அமைத்து வளையத்தைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். மூன்று உயரமானவர்களும் ஒரே இடத்தில் ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். உயரம் மூன்று மடங்கானால் ரீபவுண்டு, அதாவது தவறிய பந்தை மீட்பது, மூன்று மடங்காகாது.

ஃபவுல் கணக்கை அந்தக் கட்டுரை தொடவே இல்லை. ஐந்து ஃபவுலில் ஒருவர் வெளியேற வேண்டும். ஒரு கால்பகுதியில் அணியின் ஃபவுல் நான்கைத் தாண்டினால் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் எறியும் வாய்ப்பு. உடல் உரசும் ஆட்டத்துக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் சில வாரங்களில் தேவையற்ற ஃபவுல் வாங்குவது இயல்பு. மூவரும் ஒரே நேரத்தில் களத்தில் இருந்தால் மூவருமே இரண்டாம் கால்பகுதிக்குள் இரண்டு மூன்று ஃபவுலுடன் நிற்பார்கள்; அதன் பின் பெஞ்சில் திரும்பிப் பார்த்தால் உயரமானவர் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார். ஒருவர் ஆட, ஒருவர் ஓய்வெடுக்க, மூன்றாமவர் அவசரத்துக்கு இருக்க என்று வைத்தால் மூவருடைய ஃபவுல்களும் சேர்ந்து அணிக்கு ஒரு கையிருப்பாக நிற்கும்.

ஆகவே என் கணிப்பில் முதல் ஐவர் இப்படி அமைய வேண்டும். மூத்த பாயின்ட் கார்டும் மேற்சொன்ன இரண்டாம் ஆண்டு மாணவியும் சேர்ந்து ஆட வேண்டும். பந்தைக் கொண்டுவர இருவர் இருந்தால் பிரஸ் போட எதிரணி தயங்கும். மூன்றாமவர், மூலையில் நின்று மூன்று புள்ளிக்கு எறியும் அந்த ஒல்லியான மாணவி. இவருடைய எறிதல் எப்போதும் விழாது, ஆனால் எறியக்கூடியவர் என்ற அச்சமே எதிராளியை வளையத்தை விட்டு வெளியே இழுக்கும். நான்காமவர், சென்ற ஆண்டு முழுவதும் ஆடிய ஃபார்வர்டு. இவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை; எதிராளியின் பாதையில் அசையாமல் நின்று ஸ்கிரீன் போட்டு மற்றவர்களுக்கு வழி திறந்துவிடுவதிலும், எதிராளியை அடைத்து நிற்பதிலும் இந்த அணியில் இவருக்கு நிகர் இல்லை. ஐந்தாமவராக, சென்டர் இடத்தில், கோல் கீப்பராக இருந்த புதிய மாணவி. அவரிடம் புள்ளிகளை எதிர்பார்க்கக் கூடாது. பந்தை மீட்டு முதல் பாஸைக் கொடுத்தால் போதும். கோல் ஷூட்டராக இருந்தவரைப் பெஞ்சிலிருந்து கொண்டுவந்து, எதிரணியின் உயரமானவர்கள் களைத்திருக்கும் நேரத்தில் வளையத்தின் அருகே எறியவிடலாம். மூன்றாவது மாணவிக்குத் தொடக்கத்தில் குறைந்த நிமிடங்களே போதும். அவர் மூவரில் வயதில் இளையவர், அவசரப்படுத்த வேண்டியதில்லை.

அமெரிக்கப் புள்ளியியலாளர் டீன் ஆலிவர், ஓர் ஆட்டத்தின் வெற்றியை நான்கு கூறுகள் தீர்மானிப்பதாகச் சொல்லி, எறிதலின் பயனுக்கு நூற்றுக்கு 40, பந்தை இழக்காமைக்கு 25, ரீபவுண்டுக்கு 20, ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போவதற்கு 15 என்று ஏறத்தாழ எடை கொடுத்தார். அந்த எடைகளைக் கல்லூரி அணிக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும், வரிசை சிந்திக்கத்தக்கது. உயரம் நேரடியாக உதவுவது பெரும்பாலும் மூன்றாவது கூறுக்குத்தான். நான் சொல்லும் ஐவர் இரண்டாவது கூறில் வலுவாக இருப்பார்கள். முதல் கூறில்தான் கேள்வி இருக்கிறது. தூரத்து எறிதலில் தேர்ந்த கார்டு போய்விட்டார். மூலையில் நிற்பவர் அவருக்கு ஈடாகமாட்டார். ஆயினும் பத்து முறை இரண்டு புள்ளிக்கு எறிந்து நான்கு விழுந்தால் எட்டுப் புள்ளிகள். பத்து முறை மூன்று புள்ளிக்கு எறிந்து மூன்றே விழுந்தாலும் ஒன்பது. ஆகையால் அவர் பத்தில் ஏழு முறை தவறவிட்டாலும் எறிவதை நிறுத்தச் சொல்லக் கூடாது. சென்ற வாரம் அரங்கில் இருந்த சில பெற்றோர் அவர் தவறவிடும்போதெல்லாம் உச்சுக்கொட்டியதைக் கேட்டேன். அந்தச் சத்தம் களத்துக்கும் கேட்கிறது. அடுத்த முறை அவர் எறியத் தயங்கிப் பந்தைத் திருப்பிக் கொடுத்தார். பெற்றோர்கள் தயவுசெய்து பொறுமை காட்ட வேண்டும்.

பெஞ்சைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த ஊரில் அது வேறெந்த ஊரையும்விட முக்கியம். பிப்ரவரி, மார்ச் மாத டர்பனின் புழுக்கத்தில், காற்றோட்டம் குறைந்த அரங்கில் ஆடும்போது மூன்றாம் கால்பகுதியிலேயே கால்கள் கனத்துவிடும். வியர்வையில் பந்து வழுக்கும், பந்தை இழப்பது கூடும். உள்நாட்டிலிருந்து வரும் அணிகளுக்கு இது இன்னும் கடினம் என்பது நமக்குச் சாதகம், ஆனால் நம் பெண்களை நாம் மாற்றி மாற்றி ஓய்வு கொடுத்து ஆடவைத்தால்தான் அந்தச் சாதகம் கைகூடும். எட்டுப் பேராவது நம்பி இறக்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும். இப்போதைக்கு நான் எண்ணுவது ஏழு. எட்டாமவர் யார் என்பதைப் பயிற்சியாளர் பருவத்தின் முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட வேண்டும்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மூத்த பாயின்ட் கார்டு ஆசிரியப் பயிற்சிப் படிப்பில் இருக்கிறார். கற்பித்தல் பயிற்சிக்காகச் சில வாரங்கள் அவர் பள்ளிகளுக்குப் போக வேண்டும், அந்த வாரங்களில் மாலைப் பயிற்சிக்கு வர முடியுமா என்பது அவர் எந்தப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறார் என்பதைப் பொறுத்தது. படிப்பே முதன்மை, அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அது நடக்கப்போகிறது என்பது இன்றைக்கே தெரிந்த செய்தி. அந்த வாரங்களில் இரண்டாம் ஆண்டு மாணவி தனியாகப் பந்தைச் சுமக்க நேரிடும். அதற்கு முன்பே முதலாண்டு மாணவியரில் ஒருவரை அவருக்குத் துணையாகத் தயார் செய்யவில்லையென்றால், இந்த அணியின் பருவம் அந்த வாரங்களில்தான் சரியும். உயரக் குறைவால் சரியாது.

எனவே, வரும் பருவத்தில் இந்த அணி எங்கே முடிக்கும் என்று என்னைக் கேட்டால், முதல் மாதத்தில் சில தோல்விகளைச் சந்திக்கும் என்று தயங்காமல் சொல்வேன். அவற்றில் பெரும்பாலானவை எதிரணி தன் பந்தைத் தானே மீட்டு இரண்டாம் முறை எறிவதால் வரும். புதிய சென்டர் அடைத்து நிற்கக் கற்றுக்கொண்டதும் அந்த ஓட்டை அடைபடும். பிற்பாதியில் இது பட்டியலின் நடுப்பகுதிக்கு மேலே நிற்கக்கூடிய அணி. சென்ற ஆண்டைவிட இது பலவீனமான அணி என்பதை ஒப்புக்கொள்கிறேன். தங்கள் கட்டுரை சொன்ன அளவுக்குப் பலவீனமானது என்பதைத்தான் மறுக்கிறேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. இந்த அணியின் ஆட்ட முடிவுகளைத் தாங்கள் வெளியிடும்போது, யார் எத்தனை புள்ளிகள் எடுத்தார்கள் என்பதோடு நிறுத்திவிடாமல், யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள், எத்தனை முறை பந்தை இழந்தார்கள், எத்தனை ரீபவுண்டு எடுத்தார்கள் என்பதையும் ஒரு சிறு கட்டத்தில் அச்சிட்டால் பேருதவியாக இருக்கும். கல்லூரியின் குறிப்பேட்டில் இவை எழுதப்படுகின்றன, கேட்டால் கொடுப்பார்கள். நமது வீடுகளில் இந்தப் பெண்களின் தாய்மாரும் பாட்டிமாரும் தங்கள் இதழைத்தான் படிக்கிறார்கள். புள்ளி எடுக்காத தம் பிள்ளை ஆட்டத்தில் என்ன செய்தாள் என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும். தங்கள் கட்டுரை வந்த அன்று, அந்த இரண்டாம் ஆண்டு மாணவியின் தாயார் என்னிடம், "டீச்சர், எம் பிள்ளை பேரையே காணோமே, அவளை எடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். எடுப்பார்கள் என்றுதான் பதில் சொன்னேன். பயிற்சியாளர் அவரை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதைப் பயிற்சியில் பார்த்துதான் அப்படிச் சொன்னேன்.

முதல் ஆட்டத்துக்கு வரும் வாசகர்களும் தங்கள் விளையாட்டுச் செய்தியாளரும் இரண்டாம் கால்பகுதியின் முதல் நான்கு நிமிடங்களைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மூத்த பாயின்ட் கார்டு வழக்கமாக ஓய்வுக்கு உட்காரும் நேரம் அது. அப்போது களத்தில் பந்தைத் தட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் நிற்கிறார்கள், புதிய சென்டருக்கு அந்நேரம் எத்தனை ஃபவுல் ஆகியிருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, அதை வைத்து அடுத்த வாரம் எழுதுங்கள். என் கணிப்புக்கு மாறாக மூன்று உயரமானவர்களும் சேர்ந்து நின்று நன்றாக ஆடியிருந்தாலும் அதையே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை,
சாட்ஸ்வர்த், டர்பன்